லோரிக்கு அடியில் படித்தவனே!

தம்பி, உன் கையைக் காட்டு. நகக்கண்ணில் கறுப்பு கிரீஸ் ஏறியிருக்கிறதே, அதை மறைக்காதே. சுங்கைப்பட்டாணியில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. திருடிய கையா அது? ஏன் ஒளிக்கிறாய்?

நானும் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் லோரிக்கு அடியில் வளர்ந்தவன்தான். அப்பா ஸ்பேனர் கேட்பார், எடுத்துக் கொடுப்பேன். அண்ணாந்து படுத்தால் கண்ணுக்கு நேரே முன் அக்சில். இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம்வரை ஒரே இரும்பு; இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங்; நுனிகளில் கிங்பின். கார்களில் அது ஒழிந்து எத்தனையோ காலமாகிறது. மாட்டுவண்டிச் சமாச்சாரம் என்று சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். அந்த மாட்டுவண்டிச் சமாச்சாரத்தை வைத்துத்தான் 1950களிலும் 60களிலும் அமெரிக்க இளைஞர்கள் டிராக் கார் கட்டினார்கள். ‘கேஸர்’ என்று பெயர். பெட்ரோலை அவர்கள் ‘கேஸ்’ என்பார்கள். பந்தயத்துக்கென்று தனி எரிபொருள் ஊற்றாமல் பெட்ரோலிலேயே ஓடியதால் அந்தப் பெயர். டிராக் என்றால் கால் மைல், அதாவது 402 மீட்டர், வளைவே இல்லாத ஓட்டம். கிளம்பும் நொடியில் எடை பின்சக்கரத்தின் மேல் சாய்ந்தால்தான் டயர் சும்மா சுற்றாமல் தரையைக் கவ்வும். அன்றைய டயர்களுக்கு அவ்வளவு பிடிமானம் கிடையாது. ஆகவே வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டினார்கள். தூக்குவதற்கு எது தோது? நேரான ஒற்றை அக்சில்! மூக்கை நிமிர்த்திக்கொண்டு அந்தக் கார் நிற்கிற நிலையைப் படத்தில் பார்த்தாலே எனக்கு ரத்தம் சூடேறும்.

விலை உயர்ந்த காரிலா கட்டினார்கள்? இல்லை. வில்லிஸ் கம்பெனியின் மலிவான, எடை குறைந்த, சின்னக் காரில். இரண்டாம் உலகப் போருக்கு ஜீப் செய்து கொடுத்த அதே வில்லிஸ்தான். வில்லிஸ் கேஸர்களில் பேர்போனது ‘ஸ்டோன், வுட்ஸ் அண்ட் குக்’ குழு. ஃபிரெட் ஸ்டோனும் டிம் வுட்ஸும் கறுப்பினத்தவர், கார் அவர்களுடையது. ஓட்டிய டக் குக் வெள்ளையர். கறுப்பனையும் வெள்ளையனையும் ஒரே கடையில் உட்காரவிடாத ஊர்கள் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் 1941 மாடல் வில்லிஸ் ஒன்றில் மூன்று பேரின் பெயரையும் வரிசையாக எழுதிக் களத்தில் இறக்கினார்கள். தங்கைகளே, உங்களுக்கும் சொல்கிறேன்: டிராக் ஓட்டத்தின் உச்சப் பிரிவில் 1977இல் சாம்பியன் ஆனவர் ஷர்லி மல்டௌனி என்ற பெண்.

இனி என் கதை. பத்தொன்பது வயதில் ஒரு பட்டறையில் வேலை. பழைய ஜீப் ஒன்றுக்கு முன் ஸ்பிரிங் தாங்கிகளை மாற்றிப் பற்றவைத்தேன். இடப்பக்கம் ஒரு விரற்கடை பின்னால் போய்விட்டது. வண்டி இடப்பக்கமாகவே இழுத்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: “எஸ்டேட் பையனுக்கு இதெல்லாம் எதுக்கு? போய் காரைக் கழுவு.” மூன்று மாதம் கழுவினேன். ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தை காதில் விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு ராத்திரி எல்லோரும் போனபின் பட்டறைத் தரையைக் கூட்டினேன். ஜீப்பைச் சமமாக நிறுத்தி, முன் அக்சிலின் இரு நுனியிலிருந்தும் பின் அக்சிலின் இரு நுனியிலிருந்தும் தூக்குக்குண்டு தொங்கவிட்டேன். குண்டின் முனை தொட்ட இடத்தில் சுண்ணக்கட்டியால் புள்ளி. நான்கு புள்ளிகள். வண்டியைத் தள்ளிவிட்டு மூலைக்கு மூலை டேப்பைப் பிடித்தேன். இரண்டு அளவுக்கும் 15 மில்லிமீட்டர் வித்தியாசம்! செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமம் என்று தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்களே, அதுதான் அன்றைக்கு என் முன்னால் தரையில் கிடந்தது. எனக்குத் தெரிந்த கணக்குதான். அதைக் கேட்காமல் வெல்டிங் கோலைத் தூக்கியது என் தப்பு. எஸ்டேட்டில் பிறந்தது தப்பில்லை!

கேஸருக்கும் இதே பாடம்தான். முதலில் சுண்ணக்கட்டி, அப்புறம்தான் நெருப்பு. கிங்பினின் தலை ஐந்தாறு டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பது போல. கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டியிருக்கிறாயே, நேராகப் போனதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். சாய்வு குறைந்தால் வேகத்தில் வண்டி நேராக நிற்காமல் அலையும். ஸ்பிரிங்குக்கும் அக்சிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். இதில் உனக்குப் புரியாதது எது? சொல் பார்ப்போம்!

நம்மவன் கட்டியதுண்டா என்று கேட்கிறாயா? உண்டு. கோயம்புத்தூர் கரிவர்தன். 1980களின் கடைசியில் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் காரை உருவாக்கினார். காய்கறி வாங்கப் போகும் காரின் எஞ்சின் அது! ஃபார்முலா மாருதி என்ற அந்தப் பந்தயத்தில் ஓட்டிப் பழகியவர்தான் 2005இல் ஃபார்முலா ஒன்றில் நுழைந்த முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையின் பந்தயத் திடல் அவர் பெயரில் நிற்கிறது. மாருதியில் அவருக்கு முடிந்தது நம் ஊர்க் கன்சில் காரில் உனக்கு ஏன் முடியாது?

நீ நிற்கிற மண்ணைப் பார். பீடோங்குக்குப் பக்கத்தில் சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உருக்கு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். காற்று ஊதிய மண்குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. குரூணில் மோடெனாஸ் மோட்டார் சைக்கிள் செய்கிறது. கூலிமில் மஸ்டா, பிஎம்டபிள்யூ கார்களைப் பாகம் பாகமாகப் பொருத்திக் கட்டுகிறார்கள். அன்றைய கடாரமான இந்தக் கெடாவில் இரும்புக்குப் பஞ்சம் என்றைக்குமே இருந்ததில்லை.

சான்றிதழ் இல்லையே என்று உட்காராதே. பல வருடம் ஸ்பேனர் பிடித்தவன் வகுப்புக்குப் போகாமலேயே செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது, பி.பி.டி. என்பார்கள். விண்ணப்பம் போடு, இந்த மாதமே போடு. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கட்டிய காரைக் கூலிம் நெடுஞ்சாலையில் ராத்திரி ரேஸுக்குக் கொண்டுபோனால் என் முகத்தில் விழிக்காதே. சாலையில் செத்த பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். செப்பாங்கில் பந்தயத் திடல் இருக்கிறது. கூண்டு கட்டி, பெல்ட் போட்டு, முறையாகப் பதிந்து அங்கே ஓட்டு.

இன்றைக்குப் பட்டறையைப் பூட்டுவதற்கு முன் தரையைக் கூட்டு. தூக்குக்குண்டைத் தொங்கவிடு. ஆட்டம் நிற்கும்வரை பொறு. முதல் புள்ளியைப் போடு.