ஊசி குத்துவது இம்சையாகுமா?

அண்மையில் உறவினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அங்கு ஒன்பது ஆண்டுகளாக வளர்ந்துவரும் நாய்க்கு நீரிழிவு கண்டிருந்தது. ஓயாமல் நீர் குடித்தும், அடிக்கடி சிறுநீர் கழித்தும், வயிறார உண்டும் இளைத்துப்போன அதற்கு நாள்தோறும் இருவேளை இன்சுலின் ஊசி போடவேண்டும் என்று கால்நடை மருத்துவர் கூறிவிட்டார். வீட்டின் முதியவரோ கலங்கியிருந்தார். "கொல்லாமை விரதம் பூண்டவன் நான். வாயில்லா உயிரை நாள்தோறும் குத்துவதும், அது கேட்கும்போது உணவு மறுப்பதும் விரதத்திற்கு இழுக்கல்லவா?" என்று வினவினார். இவ்வினா இல்லறத்தார் அனைவருக்கும் உரியது.

கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறும். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. முதியவரின் அச்சம் இங்கிருந்தே பிறந்தது. ஆயின் அதே அத்தியாயம், பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு விளைவிப்பதே இம்சை என்று இலக்கணம் வகுக்கிறது. பிரமாதமாவது கஷாயங்களால் மனம் விழிப்பிழந்து கிடத்தல். எனவே ஊசி குத்தும் கையை மட்டுமன்றி, அக்கையை இயக்கும் மனத்தையும் நோக்கவேண்டும்.

நாயின் நீரிழிவு பெரும்பாலும் கணையம் இன்சுலின் சுரக்காமையால் வருவது. உணவு முறையால் மட்டும் அது அடங்காது. இன்சுலின் இல்லையேல் உடல் தன் கொழுப்பையே எரிக்கும். அதனால் கீட்டோன் என்னும் பொருள் பெருகிக் குருதியை அமிலமாக்கி உயிரைக் கொண்டுபோகும். "சல்லேகனை போல் அமைதியாகப் போகட்டுமே" என்பாரும் உளர். சல்லேகனை அறிவோடும் விருப்பத்தோடும் தானே ஏற்கும் நோன்பு. நோன்பை அறியாத உயிரின்மேல் அதனைச் சுமத்துதல் அறமாகாது. அது கைவிடுதலே.

அங்ஙனமாயின் குற்றம் எங்கே நுழைகிறது? விழிப்பின்மையில் நுழைகிறது. வீட்டை நனைக்கிறதே என்று நீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவோர் உண்டு. அதுவே மெய்யான அதிசாரம். நீரிழிவுற்ற நாய்க்கு நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும். உணவை அளந்து, ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளியில் இருவேளை ஊட்டி, அதனோடு ஊசி போடுவது தடுத்தலாகாது, அது காத்தலாகும். காலை 6 மணி, மாலை 6 மணி என வைத்துக்கொண்டால் இரவுண்ணாமை காக்கும் நம் இல்லங்களுக்கும் ஒத்துவரும். நாம் உபவாசம் இருக்கும் நாளிலும் நாயின் உணவு தவறலாகாது.

நாய் உண்ண மறுத்தால் வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரைக் கேட்கவேண்டும். ஒருவேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடுதல் பெரும் தீங்கு. மருந்துக்குப்பியில் 40 என்றிருந்தால் 40 அலகு ஊசிக்குழலும், 100 என்றிருந்தால் 100 அலகு ஊசிக்குழலுமே பொருந்தும். மாற்றினால் அளவு பிறழும். தள்ளாட்டம், நடுக்கம், மயக்கம், வலிப்பு ஆகியவை சர்க்கரை மிகத் தாழ்ந்ததற்கு அறிகுறிகள். அப்போது ஈறுகளில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பாகைத் தடவி உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்க. தேன் தடவச் சொல்வார்கள். நாம் விலக்கிய தேன் இதற்குத் தேவையில்லை.

இன்னும் ஒரு வினா எஞ்சுகிறது. இம்மருந்தே இம்சையில் பிறந்ததன்றோ? உண்மை. 1889இல் மெரிங்கும் மின்கோவ்ஸ்கியும் நாயின் கணையத்தை அகற்றியே நீரிழிவின் மூலத்தைக் கண்டனர். 1921இல் டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களைச் சோதித்தே இன்சுலினை அறிந்தனர். பின்னர் நெடுங்காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே அது எடுக்கப்பட்டது. 1982இல் நுண்ணுயிர் வழி ஆக்கிய மனித இன்சுலின் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. பன்றி இன்சுலின் நாயின் இன்சுலினை முற்றிலும் ஒத்தது. மனித இன்சுலின் ஓர் அமினோ அமிலத்தால் மட்டுமே வேறுபடுவது. இரண்டும் நாய்க்குப் பயன்படுகின்றன.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றாலும் இம்சையைத் தவிர்க்க முயல்வது நம் நெறி. நடந்துபோன கொலைக்கு நாம் உடன்படவில்லை; இனி நடப்பதற்குக் காரணமாகவும் வேண்டா. ஆதலால் பன்றியின்றி ஆக்கிய மருந்து இந்த நாய்க்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டல் நம் கடமை. நாமாக மாற்றிவிடுதல் மட்டும் கூடாது. மாற்றினால் அளவை மீண்டும் கணிக்கவேண்டும். நுண்ணுயிர்களுக்கும் ஊறு உண்டே எனில், உண்டுதான். ஐயறிவுயிரைக் காக்க, இல்லறத்தான் இயன்ற அளவு குறைந்த தீங்கைத் தேர்கிறான். முற்றும் துறந்தார்க்கே முற்றிய விரதம்.

அடிபட்டு இறக்கும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரம் ஓதியதையும், அது சுதஞ்சணன் என்னும் தேவனானதையும் சிந்தாமணி வழி நாம் அறிவோம். இறக்கும் நாய்க்கு மந்திரம் ஓதும் மரபில் வந்தவர்கள், பிழைக்கக்கூடிய நாய்க்கு ஊசி போடத் தயங்கலாமா?

முதியவரிடம் இவ்வளவும் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மாலையில் நாய் உண்டு முடித்ததும், மகனிடமிருந்து ஊசிக்குழலைத் தாமே வாங்கிக்கொண்டு, "கை நடுங்குகிறது, அளவை நீ ஒருமுறை பார்த்துச் சொல்" என்றார். அந்த விழிப்பே அகிம்சை.