வயசு பார்க்காத அருள்



இறைவனின் அருளை விளக்க வைணவப் பெரியவர்கள் இரண்டு உவமைகள் சொல்வாங்க. குரங்குக்குட்டி தாயைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்யாது. தாய்ப்பூனையே அதைக் கவ்விக்கொண்டு போகும். அது தென்கலையாரின் மார்ஜார நியாயம். தகுதி பார்த்து வருவது அருள் இல்லை என்பதே இந்தப் பூனை உவமையின் சாரம்.

அப்படிப்பட்ட அருளைக் கேட்கும் நாம், கொடுக்கும் இடத்தில் நின்றால் என்ன செய்கிறோம்?

1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல், மைக்ரோசிப்பும் உரிமமும் பெற்று ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். நல்ல செய்திதான். ஆனால் தத்தெடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது குட்டியைத்தான். பத்து வயசு தாண்டிய பூனை கூண்டிலேயே காத்துக் கிடக்கும். வளர்த்தவர் இறந்துபோயிருக்கலாம், வீடு மாறியிருக்கலாம். அது என்ன பாவம் செய்தது?

ஈசூனில் எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பதினோரு வயசுப் பூனை வந்தது. "இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போகுதுன்னு இதைக் கூட்டிட்டு வந்தே?" என்றார் பாட்டி. அந்தக் கேள்வியைப் பாட்டியைப் பார்த்து எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டோம்.

குட்டி வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. மூத்த பூனையின் சுபாவம் முன்னாடியே தெரியும். எங்கள் பூனை திரைச்சீலையில் ஏறாது. பரீட்சைக்குப் படிக்கும் ராத்திரியில் பக்கத்தில் சும்மா படுத்திருக்கும். முதல் பத்து நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. கூப்பிட்டால் வராது. பிறகு ஒருநாள் தானாக வந்து பாட்டியின் காலடியில் படுத்தது. பாட்டி காலை நகர்த்தவே இல்லை.

செலவு உண்டு. பல், மூட்டு, சிறுநீரகம் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிரிவும் சீக்கிரம் வரலாம். பலன் பார்த்துச் செய்வதாக இருந்தால் இது நஷ்டக் கணக்குதான்.

மகாபாரதத்தில் சொர்க்க வாசலில் நின்ற தருமரும் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. தன்னை நம்பிக் கூடவே வந்த நாயை விட்டுவிட்டு உள்ளே வர மாட்டேன் என்றார். அது தருமதேவதை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

பங்குனி உத்திரத்துக்கு நம் ஈசூன் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பால்குடம் சுமக்கிறோம். வீட்டிலும் ஒரு கிண்ணம் வைக்க இடம் இருந்தால், தத்தெடுக்கப் போகும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இங்கே ரொம்ப நாளாகக் காத்திருக்கும் பூனை எது?"

முருகன் துணை.