தூங்குகிறவருக்கும் கேட்கிறது

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர், ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஆண்டு 1924. கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் மூளையில், நொடிக்குப் பத்து முறை போல ஏறி இறங்கும் சீரான அலை தெரிந்தது. அதுதான் ஆல்ஃபா அலை. பக்கத்தில் திடீரென்று ஏதாவது சத்தம் கேட்டால் போதும், அந்தச் சீர் குலைந்துவிடும்; வேகமான சிற்றலைகள் எழும். ஓய்ந்திருந்த மூளை, என்ன ஏது என்று பார்க்கக் கிளம்பிவிடுகிறது.

எல்லாச் சத்தமும் மூளைக்கு ஒன்றல்ல. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஓசைகளைக் கேட்கச் செய்து, மூளையை ஸ்கேன் செய்து பார்த்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கத்தியால் பாட்டிலைச் சுரண்டும் ஓசையைத்தான் கேட்டவர்கள் மிகவும் வெறுத்தார்கள். குழந்தையின் சிரிப்பும் ஓடும் நீரின் ஓசையும் இதமாக இருந்தன. காதைக் கூசவைத்த ஓசைகளில் பல 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ளவை. அவற்றைக் கேட்கும்போது, அச்ச உணர்வோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி, கேட்கும் பகுதியையும் முடுக்கிவிடுகிறது. மனிதர் அலறும் குரலும் இந்த வரம்புக்குள்தான் வருகிறது.

தூக்கத்திலும் மூளை காவலை விடுவதில்லை. கதவு அறைந்து சாத்தப்பட்டால், தூங்குபவர் புரண்டுகூடப் படுக்காமல் இருக்கலாம். ஆனால் மூளையில் ஒரு பெரிய அலை எழுந்து அடங்குகிறது. அதற்குப் பெயர் கே-காம்ப்ளெக்ஸ். பல பெயர்களை மெல்லச் சொல்லிப் பார்த்தால், அவரவர் சொந்தப் பெயருக்கு அது கூடுதலாக எழுகிறது. சத்தம் தொடர்ந்தால் தூக்கத்தின் ஆழம் குறைகிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அலுப்போடு எழுகிறவர்களில், இப்படித் தூக்கம் கெட்டவர்களும் உண்டு.

இரவுப் பேருந்தில் ஸ்பீக்கரில் வீடியோ போட்டுப் பார்க்கிறோம். முன் இருக்கையில் தாயின் தோளில் குழந்தை தூங்குகிறது. சிக்னல் பச்சைக்கு மாறுவதற்குள் ஹாரனை அழுத்துகிறோம். அடுப்படியில் இருந்தபடியே பிள்ளையின் பெயரைக் கத்திக் கூப்பிடுகிறோம். யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை என்று ஆகிவிடாது. நாம் எழுப்பும் ஒவ்வொரு சத்தத்துக்கும் இன்னொருவரின் மூளை உழைத்தாக வேண்டியிருக்கிறது.

இன்று ஒன்று செய்வோம். வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால், இருந்த இடத்திலிருந்து கத்தாமல் நாலு எட்டு நடந்து, அருகில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.