கேள்வி கேட்டால் கிரையம் முறியாது

பாரம் ஏற்றிய லாரியை நாமக்கல்லில் எடுத்தால் குவாஹாட்டியில் போய் நிறுத்துகிறவர்கள் நீங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு பாஷை தெரியாத மாநிலத்துக்குப் போய், ஆயிரம் அடி துளைத்துத் தண்ணீரைக் காட்டிவிட்டு வருகிறவர்கள் நீங்கள். இளம்பிள்ளையில் தறியில் ஓர் இழை அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர்கள் நீங்கள். அப்படிப்பட்டவர்கள், சார்பதிவாளர் அலுவலக வாசலுக்கு வந்ததும் எதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறீர்கள்?

“இங்க ஒரு கையெழுத்துங்க, அங்க ஒண்ணுங்க” என்று விரல் காட்டுகிறார்கள். போடுகிறீர்கள். கால் நூற்றாண்டு உழைப்பு கால் மணி நேரத்தில் கை மாறுகிறது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், “மாமா பார்த்துக்கிட்டாருங்க” என்று பதில் வருகிறது. மாமா நல்லவராகவே இருக்கட்டும். வழக்கு வந்தால் கூண்டில் ஏறப்போவது மாமாவா?

இந்த மண்ணின் கதை தெரிந்தால் இந்தக் கூச்சம் வராது. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பெனிக்குப் போயின. நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இடையில் ஜமீனை வைக்காமல், நிலத்தை அளந்து, உழுகிறவரோடு நேராகக் கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறையை அவர்கள் பழகிப் பார்த்தது இங்கேதான். கருணையால் அல்ல, வரிக்காகத்தான் செய்தார்கள். ஆனாலும் குடியானவரின் பெயரைக் கேட்டு எழுதும் வழக்கம் இந்தச் சமவெளியில் வேர் பிடித்தது. உங்கள் முப்பாட்டன் பெயரைச் சர்க்கார் கேட்டு எழுதியது. பேரன் பேத்திகள் நீங்கள் கேள்வி கேட்கக் கூசுவதா?

கேளுங்கள். “பட்டா இருக்குதுங்களே, அப்புறம் என்ன?” என்பார் தரகர். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அது மட்டுமே உரிமை ஆகிவிடாது. 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் பதிவின்போது பெயர் மாறியதும் பரப்பு குறைந்ததுமாக எத்தனை குடும்பங்கள் இன்னும் தாலுகா ஆபீசுக்கு நடக்கின்றன என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். விற்கிறவருக்குச் சொத்து எப்படி வந்தது? வாங்கியதா, பாகத்தில் வந்ததா, உயிலா, தானமா? தாய்ப்பத்திரத்தில் தொடங்கி ஒவ்வொரு கையாகச் சங்கிலி அறுபடாமல் வருகிறதா? இதைக் கேட்டபின் பட்டாவைப் பாருங்கள். கூட்டுப்பட்டா என்றால் மற்றவர்கள் யார், உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997 ஜனவரி 1 அன்று. அதற்கு முந்தைய பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து மிரளவும் வேண்டாம், அதைச் சாக்காக வைத்து யாராவது பணம் பிடுங்க இடம் கொடுக்கவும் வேண்டாம். கிராமம், சர்வே எண், நான்கு எல்லை பொருந்துகிறதா என்பதே கேள்வி.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். முப்பது வருடத்துக்குப் பாருங்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதிவாகாத உயிலோ, பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைக்கடனோ தெரியாது. நிலுவையில் உள்ள வழக்கும் தெரியாமல் போகலாம். ஆகவே அசல் பத்திரங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். “நம்பிக்கை இல்லீங்களா?” என்று முகம் சுளித்தால், “நம்பிக்கை இருக்குதுங்க, பத்திரத்தையும் காட்டுங்க” என்று சொல்ல ஒரு நொடி தைரியம் போதும்.

பெண்களே, உங்களிடம் தனியாகப் பேச வேண்டும். “தங்கச்சி, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு” என்று சீர்வரிசைத் தட்டோடு வருகிறார்கள். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று, மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் அது வந்தது. அந்த உரிமை பிறப்பிலேயே வருகிறது, 2005-ல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். எதை விடுகிறோம், அதன் மதிப்பு என்ன என்று தெரியாமல் போடும் கையெழுத்துக்கு விருப்பம் என்று பெயர் வைக்காதீர்கள். வாங்குகிறவரும் கேளுங்கள்: வாரிசுகளில் அக்கா தங்கைகள் எத்தனை பேர், எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா? அங்கே மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தோட்டத்தோடு வீடு வாங்குகிறவர்கள் தடத்தையும் கிணற்றையும் கேட்காமல் இருக்கவே கூடாது. வண்டித்தட பாத்தியம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, எத்தனை அடி அகலம்? பொதுக் கிணற்றில் எத்தனை பங்கு? மின் இணைப்பு யார் பெயரில்? இதை வாய்ப்பேச்சாக விட்டுவிட்டு, அண்ணன் தம்பி பேச்சு நின்றபின் வாய்க்கால் வரப்பில் கம்பு தூக்கியவர்களை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

ரோட்டோரம் கொடி கட்டி, பந்தல் போட்டு, பிரியாணியும் போட்டு மனை விற்கிறார்கள். சாப்பிடுங்கள், தப்பில்லை. சாப்பிட்டு முடித்ததும் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அப்போது கையைப் பிசைந்து நின்றவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. பவர் வைத்து விற்கிறேன் என்றால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேளுங்கள். அவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்துவிடும். பவர் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் சொத்து உங்களுடையது ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“மதிப்பைக் குறைச்சு எழுதிக்கலாமுங்க, மிச்சம்தானே?” இந்த ஆசைக்கு மட்டும் இணங்காதீர்கள். கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சுமைதான். ஆனால் நாளை அரசு நிலம் எடுத்தால் இழப்பீட்டுக் கணக்கு வழிகாட்டி மதிப்பையும் அந்தப் பகுதியில் பதிவான கிரைய விலைகளையும் பார்த்துத்தான் தொடங்கும். ஊரே கூடிக் குறைத்து எழுதினால் ஊரே கூடி இழக்கும்.

நிலம் எடுப்பது எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? 2018-ல் எட்டு வழிச்சாலைக்குக் கல் நட வந்தார்கள். சேலம் முதல் சென்னை வரை 277 கிலோமீட்டர். நிலம் முறைப்படி கைக்குப் போகும் முன்பே, முதல் அறிவிப்பை மட்டும் வைத்து வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றினார்கள். உழவர்கள் வழக்காடினார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்து, பதிவேட்டில் பழைய பெயர்களையே எழுதச் சொன்னது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டது. அப்போதும் பெயரைத் திருப்பி எழுத வேண்டும் என்பதை மட்டும் மாற்றவில்லை. வாய்க்காலும் வரப்புமே உலகமென்று இருந்தவர்கள் மத்திய அரசை எதிர்த்துத் தங்கள் பெயரை மீட்டார்கள். ஒரு தரகர் முன்னால் உங்கள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றால் நான் நம்பத் தயாரில்லை!

விற்கிறவர்களுக்கும் இதே நெஞ்சுரம் வேண்டும். முழுப் பணமும் வங்கி வழியாக வந்து சேராமல் கையெழுத்தில்லை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். கெடு தேதி, முன்பணம், பின்வாங்கினால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவை மூடுங்கள்.

பதிவுக்கு முந்தின நாளே பத்திர நகலை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். படிக்கிற பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்: பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, தொகை. தப்பிருந்தால் திருத்தி அடிக்கச் சொல்லுங்கள், எழுத்தர் எத்தனை முறை சலித்துக்கொண்டாலும் சரி. சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் என்றால், மனைவி பெயரிலோ மகள் பெயரிலோ எழுதுங்கள். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதியும் அத்தகைய சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. பதிவு முடிந்த கையோடு பட்டா மாறுதல், வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு, பிறகு பால் காய்ச்சுங்கள்.