வெளுப்பும் வெளிச்சமும்

வீட்டு முன்னறையை ஸ்டூடியோ ஆக்குவதற்குப் பெரிய செலவில்லை. வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தது. அதில் எட்டு முழ வேட்டி ஒன்றை ஒற்றையாகக் கட்டினேன். விண்ணப்பங்கள் பலவும் வெள்ளைப் பின்னணி கேட்பதால் சுவரில் வெள்ளைப் போர்வை. நிழல் விழும் பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை. உட்கார முக்காலி. முக்காலிக்கும் காமிராவுக்கும் ஆறடி. நெருங்கினால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். பலர் இதை லென்ஸின் குற்றம் என்று நினைக்கிறார்கள். தூரத்தின் குற்றம்.

தெருவிலுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படம் எடுத்துத் தருவதாக ஏற்பாடு. இலவசம் என்பதால் கொள்கையும் சேர்ந்துகொண்டது: முகத்தைத் திருத்துவதில்லை. எல்லா முகத்தையும் ஒரே கோதுமை நிறத்தில் வெளுத்துத் தரும் கடைகள்மேல் எனக்கு இருந்த இளக்காரம், நம் கதைகளின் மிகையுணர்ச்சிமேல் இருக்கும் இளக்காரத்தின் உடன்பிறப்பு.

பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி தன் படத்தைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் வெளுப்பாக்கித் தாங்க அண்ணா” என்றாள். “உன் நிறத்துக்கு என்ன குறை?” என்று கேட்டேன். கேள்வியின் தொனி எனக்கே பிடித்திருந்தது. அவள் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

இரவு அதே படத்தைப் பார்த்தபோது போர்வை சாம்பலாக இருந்தது. வெள்ளைப் போர்வை சாம்பலாகியிருந்தால் முகமும் அந்த அளவுக்கு இருண்டிருக்கிறது. காரணம் பால பாடம். காமிராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் ஒரு நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டத்தில் பெரும்பகுதி வெள்ளை என்றால் வெளிச்சம் மிகுதி என்று தீர்மானித்துக் குறைத்துவிடும். ஆக, அவள் பொய் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள். உண்மை என்று நான் காவல் காத்தது ஒரு இயந்திரத்தின் அனுமானத்தை.

இயந்திரத்தின் அனுமானம் என்பதும் பாதிதான். வண்ணப் பிரதி எடுக்கும் லாபுகளுக்குக் கோடாக் அனுப்பிய ஒப்பீட்டு அட்டைகளில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி அட்டை என்று பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. மற்றத் தோல்கள் எப்படி விழுந்தால் என்ன என்பதை யாரோ மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுத்தேன். போர்வை வெள்ளையாயிற்று, அவள் அவளானாள். பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம்” என்றாள்.

இங்கேதான் கேள்வி சுத்தமாக நிற்கிறது. மாலியின் பமாகோவில் செய்தூ கெய்தா 1948இல் தொடங்கிய ஸ்டூடியோவும் வீட்டு முற்றம்தான். அவருடைய கட்டில் விரிப்புதான் முதல் திரை. வருகிறவர்களுக்குக் கோட்டும் கைக்கடிகாரமும் இரவல் கொடுத்தார். அந்தப் படங்களை யாரும் பொய் என்பதில்லை. கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவன் தன் கையோடு போனான். வெளுத்த முகத்தை வாங்கிப் போகிறவள் எதைக் கழற்றி வைக்கிறாள்? அந்தக் கணக்கைப் போட வேண்டியவள் அவளா, நானா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அவள் முகம் என் கொள்கைக்கு உதாரணமாக இருக்கக் கடமைப்பட்டதும் அல்ல.

நான் சொன்னது வேறு காரணம். பாங்க் கவுண்டரில் படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்ப்பது என் வேலை. படம் வெளுத்திருந்தால் நீதான் நீ என்று நீயே நிரூபிக்க வேண்டியிருக்கும் என்றேன். குமாஸ்தாவின் காரணம். அதையாவது ஒப்புக்கொள்வாள் என்று நினைத்தேன்.

“நிரூபிச்சுக்கறேன்” என்றாள்.

அரை ஸ்டாப் கூட்டிக் கொடுத்தேன்.