வண்டியைப் பூட்டிட்டு சாவியை எங்க வைக்கறது?

 

நம்ம குழுவுல இருக்கற ஒரு தம்பி தனியா மெசேஜ் அனுப்பியிருந்தார். லோன்ல எடுத்த முதல் கார். அப்பா அம்மாவைக் கூட்டிட்டு பழனிக்குப் போயிருக்கார், ஒரு ராத்திரி தங்கல். லாட்ஜ்ல கார் நிறுத்த இடம் இல்ல. ரெண்டு தெரு தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு கடை முன்னாடி விட்டுக்கச் சொல்லிட்டாங்க. "அண்ணா, தங்கத்தேர் பார்க்கறப்போ கூட மனசு கார்கிட்டதான் இருந்துச்சு. ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துட்டு வந்தேன். முருகன் ஊர்லயே இருந்துக்கிட்டு வண்டி காணாமப் போயிடுமோன்னு பயப்படறது பக்தி குறைவா?"

இல்ல தம்பி. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

நம்ம வயசுல கார்ங்கறது சும்மா ஒரு வண்டி இல்ல. அஞ்சு வருஷம், ஏழு வருஷம் மாசாமாசம் அக்கவுண்ட்ல இருந்து போற பணம். முட்டி வலியோட பஸ் படி ஏற முடியாத அம்மாவை சாமி பார்க்கக் கூட்டிட்டுப் போறதுக்கு வாங்கினது. திருடன் வந்தா காரைத்தான் எடுத்துட்டுப் போவான், இஎம்ஐயை எடுத்துட்டுப் போக மாட்டான். வண்டி போன பிறகும் கடன் அப்படியே நிக்கும். இந்தக் கணக்கு தெரிஞ்சவனுக்கு தூக்கம் வரலைன்னா அதுல என்ன தப்பு?

இந்த மாதிரி கேள்வி வந்தாலே "முருகன் பார்த்துப்பான், நீ போய்ப் படு"ன்னு ஒரே வரியில முடிச்சிடறவங்க இருக்காங்க. எனக்கு அந்தப் பதில் பிடிக்கறது இல்ல. முருகன் பார்த்துப்பார், சந்தேகமே வேண்டாம். ஆனா அந்தக் கோயிலையே ராத்திரி என்ன பண்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? ராக்கால பூஜை முடிஞ்சு சாமியைப் பள்ளியறைக்கு அனுப்பின பிறகு, நடையைச் சாத்திப் பூட்டு போடறாங்க. சூரனை வென்றவர் உள்ள இருக்கார், கையில வேல் இருக்கு, ஆனாலும் வெளியில பூட்டு உண்டு. உண்டியலுக்குப் பூட்டு உண்டு, கேமரா உண்டு. இதைப் பார்த்து யாரும் நம்பிக்கை இல்லைன்னு சொல்றது இல்ல.

சிவன் கோயில்கள்ல இன்னும் அழகான ஒரு வழக்கம் உண்டு. அர்த்தஜாம பூஜை முடிஞ்சு எல்லா வாசலையும் பூட்டிட்டு, அந்தச் சாவியை பைரவர் சன்னதியில வச்சிட்டுப் போவாங்க. ராத்திரி காவல் அவர் பொறுப்பு. காலையில அவர்கிட்ட இருந்து சாவியை எடுத்துதான் நடை திறக்கறது. இதுல எனக்குப் பிடிச்சது அந்த வரிசை. முதல்ல பூட்டறாங்க, அப்புறம்தான் சாவியை வைக்கறாங்க. பூட்டாம சாவியை மட்டும் கொண்டுபோய் வச்சா பைரவர் ஏத்துப்பாரா? பூட்டிட்டு சாவியை இடுப்புலயே சொருகிட்டு ராத்திரி முழுக்க வாசல்ல உலாத்தினா அவருக்கு அங்க என்ன வேலை? நம்மள்ல பாதிப் பேர் முதல் தப்பு பண்றோம், மீதிப் பேர் ரெண்டாவது தப்பு பண்றோம்.

காவல் காக்கறது நம்ம சாமி குடும்பத்துக்கே புதுசு இல்லையே. வள்ளியம்மா என்ன வேலை பார்த்தாங்க? தினைப்புனத்துல பரண் மேல நின்னு, கையில கவண் வச்சுக்கிட்டு, ஆலோலம் பாடி குருவி விரட்டின காவல்காரி. அவங்க மனசு முழுக்க முருகன்தான். அதுக்காக தினையைக் குருவிக்கு விட்டுட்டு உட்கார்ந்திருக்கல. அவங்க காவல்ல நின்ன அந்த இடத்துக்கே வேடனா, விருத்தனா வேஷம் போட்டுத் தேடி வந்தவர் முருகன். (வந்தவர் தினையைத் தொடல, காவல்காரியையே கொண்டு போயிட்டார். திருட்டுக்குப் பயந்து நாம கும்பிடற சாமி களவு மணம் பண்ணினவர்ங்கறது தனிக் கதை. அதை இன்னொரு நாள் பேசலாம்.)

சரி, பூட்டறதுன்னா என்ன? ரிமோட்டை அழுத்தி 'கீக்' சத்தம் கேட்டதும் நடந்துடறது மட்டும் பூட்டறது ஆகாது. கொஞ்சம் டெக்னிக்கலா சொல்றேன், தொழில் புத்தி, மன்னிச்சுக்கோங்க.

பட்டன் ஸ்டார்ட் வண்டி வச்சிருக்கறவங்க கவனிங்க. உங்க சாவி எப்பவும் மெல்லிசா ஒரு சிக்னல் மூலமா வண்டியோட பேசிக்கத் தயாரா இருக்கும். ரெண்டு பேர் சேர்ந்தா அந்தப் பேச்சை நீட்டிக்க முடியும். ஒருத்தன் நீங்க தூங்கற ரூம் பக்கத்துல கருவியோட நிப்பான், இன்னொருத்தன் கார் பக்கத்துல நிப்பான். சாவி பக்கத்துலதான் இருக்குன்னு கார் ஏமாந்து கதவைத் திறக்கும், ஸ்டார்ட்டும் ஆகும். கண்ணாடி உடையாது, சத்தம் வராது. இதைத் தடுக்க சாவியை நல்லா மூடற உலோக டப்பாவுல போட்டு வைக்கலாம். எல்லா டப்பாவும் சிக்னலை நிறுத்தாது. அதனால சாவி உள்ள இருக்கறப்போ டப்பாவை கார் பக்கத்துல கொண்டு போய் கதவு திறக்குதான்னு ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. திறந்தா வேற டப்பா. நம்ம ஆளுங்க பையில எப்படியும் ஒரு விபூதி டப்பா இருக்கும். அது எவர்சில்வரா இருந்து, சோதனையிலயும் தேறிடுச்சுன்னா அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

சாதா சாவி வண்டின்னா, ஸ்டியரிங்ல மாட்டற இரும்புப் பூட்டு ஒண்ணு வாங்கிடுங்க. அதை உடைக்கவே முடியாதுன்னு இல்ல, உடைக்க நேரம் ஆகும். திருடனுக்குப் பிடிக்காத ஒரே விஷயம் நேரம் ஆகறது. வெளியில இருந்து பார்த்தாலே அது தெரியறதால பாதிப் பேர் அடுத்த வண்டிக்கு நகர்ந்துடுவாங்க. ஜிபிஎஸ் கருவி மாட்டியிருந்தா, அதுக்குள்ள இருக்கற சிம்முக்கு ரீசார்ஜ் இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க. ஆர்சி ஒரிஜினலை டேஷ்போர்டுல வச்சிட்டுப் போகாதீங்க, டிஜிலாக்கர்ல இருக்கறதே செல்லும். கோயில் ஊர்கள்ல "சாவி குடுத்துட்டுப் போங்க சார், வண்டி வந்தா நகர்த்தி விடறேன்"னு கேட்பாங்க. டோக்கன் தராத இடத்துல சாவி கொடுக்காதீங்க. நல்லவராவே இருந்தாலும் சரி.

இன்னொண்ணு, இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தா திருட்டுக்கு ஒரு ரூபாய் வராது. சொந்த வண்டிக்கும் சேர்த்து முழுக் காப்பீடு எடுத்திருக்கணும். வண்டி போயிடுச்சுன்னு கிளைம் பண்ணினா கம்பெனிக்காரங்க ரெண்டு சாவியையும் கேட்பாங்க. அதனால ரெண்டாவது சாவி வீட்டு பீரோவுல பத்திரமா இருக்கா, இல்ல எங்கேன்னே தெரியலையான்னு இப்பவே எழுந்து போய்ப் பாருங்க. இதை வாசிக்கறதை விட அது முக்கியம்.

இதெல்லாம் முடிஞ்சாச்சு. மணி பதினொண்ணு, படுத்தாச்சு. இப்பதான் தம்பியோட நிஜமான கேள்வி வருது. எல்லாம் பண்ணியும் மனசு எழுந்து எழுந்து ரெண்டு தெரு தள்ளிப் போயிட்டு வருதே, அதை என்ன பண்றது?

ஐடில இருக்கறவங்களுக்கு இது சுலபமா புரியும். நைட் ஷிஃப்ட் ஆளுக்கு ஹேண்ட்ஓவர் கொடுத்தாச்சு. எந்த சர்வர்ல பிரச்சனை, எதைப் பார்க்கணும்னு எழுதிக் கொடுத்தாச்சு. அதுக்கப்புறமும் ராத்திரி ரெண்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து பார்க்கற ஆளு டீமுக்கு ஒருத்தர் இருப்பார். அவர் ரொம்பப் பொறுப்பானவர்னு வெளியில பேரு. உண்மையில, பொறுப்பை வாங்கிக்கிட்டவர் மேல அவருக்கு நம்பிக்கை இல்ல. அடுத்த நாள் காலையில மீட்டிங்ல தூங்கி வழியறதும் அவர்தான். கார் விஷயத்துல தூக்கம் கெட்டா அதைவிட மோசம். அடுத்த நாள் முன்னூறு நானூறு கிலோமீட்டர் அப்பா அம்மாவை உட்கார வச்சு ஓட்டப் போறது அந்தத் தூங்காத கண்ணுதான்.

கந்த சஷ்டி கவசத்தை தினமும் சொல்றோமே, அதுல ராத்திரிக்குன்னே காவல் கேட்கற இடம் வருது தெரியுமா? முகத்துல ஆரம்பிச்சு கண்ணு, பல்லு, நாக்கு, தோளு, முதுகு, விரல்னு ஒவ்வொரு உறுப்பையும் ஒரு வேல் காக்கணும்னு வேண்டிக்கிட்டே வர்றார் தேவராய சுவாமிகள். உடம்பு முடிஞ்சதும் பகலுக்கு ஒரு வேல், இருட்டுக்கு ஒரு வேல், சாமத்துக்கு ஒரு வேல். நடுராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் போட்டாச்சு. அடுத்த தடவை சொல்றப்போ இன்னொண்ணும் கவனிங்க. அந்த 'காக்க' வரிசையில வீடு இல்ல, நிலம் இல்ல, மாடு இல்ல, நகை இல்ல. காக்கணும்னு அவர் கேட்ட பட்டியல்ல இருக்கறது ஆளு மட்டும்தான்.

அப்போ வண்டி? எல்லாம் பூட்டியும், கவசம் சொல்லியும், காலையில போய்ப் பார்த்தா அந்த இடம் காலியா இருந்தா? இதைப் பேசாம தாண்டிப் போனா நான் எழுதினதுக்கு அர்த்தம் இல்ல. பக்தர்களோட வண்டியும் திருடு போகுது. போகாதுன்னு சொல்றவங்களை நம்பாதீங்க.

அந்த நேரத்துல யாராவது "எல்லாம் நல்லதுக்குத்தான்", "கர்மா கழிஞ்சுது"ன்னு சொல்ல வந்தா, தயவுசெஞ்சு கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்க. பழனியிலயே இதுக்கு ஒரு கதை இருக்கு, இடும்பன் கதை. அகத்தியர் சொன்னதுக்காக சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையைக் காவடியாக் கட்டித் தோள்ல தூக்கிட்டு தெற்கே பொதிகைக்குப் போறான். வழியில திருவாவினன்குடி பக்கத்துல களைப்புக்கு இறக்கி வைக்கறான். வீட்டை விட்டு ரொம்ப தூரத்துல, தெரியாத ஊர்ல, சுமையை நிறுத்திட்டு ஓய்வு. எழுந்து தூக்கப் பார்த்தா மலை அசையல. மேல ஒரு சின்னப் பையன் கையில தண்டோட நின்னுக்கிட்டு "இது என் மலை"ங்கறான்.

இடும்பன் என்ன பண்ணினான்? நல்லதுக்குத்தான்னு கிளம்பிடல, சண்டை போட்டான். கேட்டவர் கையில ஒப்படைக்க வேண்டிய பொருள், விடுவானா? தோத்து விழுந்தான். இடும்பி அழுதாள், அகத்தியர் வேண்டினார், முருகன் அவனை எழுப்பினார். எதிர்த்தேன்னு அவனைத் தள்ளி வைக்கல. தன் மலைக்கே காவல்காரனா வச்சுக்கிட்டார். இன்னைக்கும் படியேறிப் போறவங்க இடும்பனைக் கும்பிட்டுட்டுதான் மேல போறாங்க. அவன் தூக்கின காவடிதான் நம்ம தோள்ல இருக்கு.

அதனால வண்டி காணோம்னா நீங்களும் சண்டை போடுங்க. உடனே 112. பக்கத்து ஸ்டேஷன்ல புகார் கொடுத்து எஃப்ஐஆர் நகல் வாங்குங்க. "இது எங்க எல்லை இல்ல"ன்னா ஜீரோ எஃப்ஐஆர் போடச் சொல்லிக் கேளுங்க. அன்னைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் லோன் கொடுத்த பேங்க்குக்கும் சொல்லிடுங்க. அழுகை வந்தா அழுங்க. முருகன்கிட்ட கோபம் வந்தா அவர்கிட்டயே சொல்லுங்க. மலையைத் தூக்கி வந்தவன் கோபத்தைத் தாங்கினவர் அவர்.

இடும்பன் தோள்ல இருந்தது அவன் பொருளும் இல்ல, அகத்தியர் கேட்டது. நம்ம ஆர்சியை எடுத்துப் பாருங்க, நம்ம பேருக்குக் கீழ ஹைப்போதிகேஷன்னு பேங்க் பேரு போட்டிருக்கும். கடன் தீர்ந்து அந்த வரி போன பிறகும், பதினைஞ்சு வருஷத்துல ரெஜிஸ்ட்ரேஷன் முடியும், புதுப்பிக்கணும். அத்தனை பாடுபட்டு வாங்கினதும் கொஞ்ச தூரம் தூக்கிட்டுப் போறதுக்குத்தான் நம்ம கையில இருக்கு. இது ராத்திரி ரெண்டு மணிக்கு நினைச்சுப் பார்க்க எனக்கு ஆறுதலா இருக்கு. உங்களுக்கு எரிச்சலா இருந்தா விட்டுடுங்க, வேல் ஒண்ணே போதும்.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அடுத்த தடவை ரூமுக்கு வந்ததும் சாவி டப்பாவை முருகன் படத்துக்கு முன்னாடி வை. படம் இல்லைன்னா போன் வால்பேப்பர் போதும். "என் ஷிஃப்ட் முடிஞ்சுது முருகா"ன்னு சொல்லிட்டுப் படு. காலையில விஸ்வரூப தரிசனத்துக்குக் கிளம்பறப்போ அவர் முன்னாடி இருந்தே எடுத்துக்கோ.

பழனி போறவங்களுக்கு ஒரு குறிப்பு. கிரிவீதிக்குள்ள தனியார் வண்டிகளை இப்போ விடறது இல்ல, அதனால ரூம் போடறப்பவே பார்க்கிங் உள்ள இருக்கான்னு போன்ல கேட்டுடுங்க. தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்துல கார் வேண்டவே வேண்டாம். பழனிக்கு ரயில் இருக்கு, டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!