கிளிக்கு நாம் கற்பிப்பது எது?



வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் வேளையில், மீனாட்சி அம்மையின் படத்தைக் காட்டி, "அம்மாளின்ரை கையில கிளி இருக்கு, எங்கட வீட்டில ஏன் இல்லை?" என்று நம் சிறுவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். மதுரையில் மீனாட்சியின் கரத்தில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கரத்தில் கிளி. அருணகிரிநாதர் கிளி வடிவாய் இருந்து பாடியதாகத் திருவண்ணாமலையில் இன்றும் கிளிக்கோபுரத்தைக் காட்டுவார்கள். சுக முனிவருக்கோ முகமே கிளிமுகம். ஆகவே வீட்டில் ஒரு கிளியை வளர்க்க ஆசைப்படுவது நம்மவர்க்கு இயல்பே. ஆனால் வளர்ப்பது எப்படி என்பதையும் நம் அருளாளர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருத்தோணிபுரத்தின் மீது பாடிய பதிகம் ஒன்று முதலாந் திருமுறையில் உண்டு. இறைவன் மீது காதல் கொண்ட தலைவி ஒருத்தி பறவைகளைத் தூது விடுகிறாள். நிறைவில் ஒரு கிளியை அழைக்கிறாள். அவள் அதை அதட்டவில்லை. அன்போடு அருகே கூப்பிடுகிறாள். தேனும் பாலும் முறையாக உண்ணத் தருவதாகச் சொல்கிறாள். அதன் பின்னரே பிறைசூடிய பெருமானின் நாமத்தை ஒரே ஒரு தடவை சொல்லும்படி வேண்டுகிறாள். முதலில் அழைப்பு, அடுத்து உணவு, கடைசியில்தான் பாடம். பறவை பழக்குவோர் இன்று சொல்லும் முறையும் இதுவே அன்றோ! பயந்த பறவை எதையும் கற்காது. நம்பிய பறவையே கற்கும்.

இதை அறியாமல் நாமே பிழை செய்தோம். சில ஆண்டுகளுக்கு முன், எம்மன்புரூக்கேயில் எமது தொடர்மாடி வீட்டுக்கு ஒரு சிறிய அவுஸ்திரேலியக் கிளி வந்தது. வீடு மாறிப் போன அறிமுகமான குடும்பம் ஒன்று கூட்டோடு தந்துவிட்டுப் போனது. எமக்கோ பெரிய ஆசை: அதை "முருகா" என்று சொல்ல வைக்க வேண்டும்! இரண்டு மாதமாக மாலைதோறும் கூட்டின் முன்னே இருந்து "முருகா, முருகா" என்றோம். பகலில் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம்; பிள்ளைகள் பாடசாலையில். அதுவோ கூட்டில் தொங்கிய கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடு கொஞ்சிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை அது வாய் திறந்தது. சொன்னது "முருகா" அல்ல. "கெதியா! கெதியா!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. நாள்தோறும் காலையில் பிள்ளைகளை எழுப்பி, உடுப்பாட்டி, கதவால் தள்ளும்வரை நாம் எத்தனை தடவை "கெதியா" என்கிறோம் என்பது அன்றுதான் எமது காதில் விழுந்தது. முருகா என்பது மாலையில் பத்து நிமிடம். கெதியா என்பது வீடு முழுவதும். கிளி எமது பாடத்தைக் கற்கவில்லை, எமது வாழ்க்கையைக் கற்றது.

அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பேர்க் என்ற விஞ்ஞானி, 1977இல் வாங்கிய அலெக்ஸ் என்னும் சாம்பல் நிற ஆபிரிக்கக் கிளியை, 2007இல் அது இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் பழக்கினார். நூறு சொற்கள் அளவில் அது அறிந்திருந்தது. நிறமும் வடிவமும் கேட்டால் சொல்லும். அவர் கையாண்ட முறை என்ன தெரியுமா? கிளியின் முன்னே இரண்டு மனிதர் ஒருவரோடு ஒருவர் கதைப்பார்கள்; ஒரு பொருளின் பெயரை ஒருவர் கேட்பார், மற்றவர் சொல்வார், சொன்னவருக்கு அப்பொருள் கிடைக்கும். அதைப் பார்த்தே கிளி கற்றது. தாயும் தந்தையும் தமக்குள் எதைக் கதைக்கிறார்களோ, எப்படிக் கதைக்கிறார்களோ, அதுவே கிளிக்கும் பாடம், பிள்ளைக்கும் பாடம்.

இன்னொரு பாடத்தை எமக்குக் கற்பித்தவர் கீழ்மாடியில் வசித்த சுவிஸ் மூதாட்டி. "இது ஏன் தனியாக இருக்கிறது? இந்த நாட்டில் அப்படி வைத்திருக்கக் கூடாதே!" என்றார். அது உண்மைதான். 2008 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள மிருகப் பாதுகாப்பு விதிகளின்படி, கூட்டமாக வாழும் இனங்களுக்குத் தம் இனத்தின் துணை வேண்டும். கிளியைத் தனியே வளர்க்க முடியாது. உயிரினங்களின் மாண்பைக் காக்க வேண்டும் என்பதை இந்த நாட்டு மக்கள் 1992இல் வாக்களித்து அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். எல்லா உயிரிலும் சிவம் உறைகிறது என்று பாடும் நாம் இதை அயலவர் சட்டம் என்று எண்ணலாமா?

உடனே இரண்டாவது கிளியைக் கொண்டுவந்தோம். கண்ணாடியைக் கழற்றினோம். அதன் பின் முதற் கிளி மனிதப் பேச்சையே ஏறக்குறைய விட்டுவிட்டது. தன் துணையோடு தன் மொழியில் நாள் முழுவதும் கதைத்தது. முருகா என்று அது கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் கீச்சுக் குரலே முருகனுக்குப் போதும் என்று பிறகு விளங்கியது.

கிளி வளர்க்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். தலைவி தந்த தேனும் பாலும் பக்திக்கு உரியவை. உண்மைக் கிளிக்குப் பால் செரிக்காது. அவக்காடோவும் சொக்லேற்றும் அதற்கு நஞ்சு. பறவையின் சுவாசம் மிக மென்மையானது; சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்திப் புகை படாத அறையில் கூட்டை வையுங்கள். ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி கிளியைக் கொன்றுவிடும். நாள்தோறும் யன்னலைப் பூட்டிவிட்டு அறையில் பறக்க விடுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். சாம்பல் கிளி நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது; உங்கள் பிள்ளையின் பிள்ளைக்கும் அது உறவாகலாம். இவ்வளவும் முடியாதெனில், வளர்க்காதிருப்பதும் அன்பே.

மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒன்று உண்டு. முன்னர் அங்கே கூடுகளில் கிளிகளை வளர்த்து, அம்மையின் பெயரைச் சொல்லப் பழக்கினார்கள். இன்று கூடுகள் இல்லை. மண்டபத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. ஆண்டாளின் கையிலோ நாள்தோறும் இலைகளாலும் பூக்களாலும் புதிதாகச் செய்த கிளி அமர்கிறது. அம்மைக்குக் கூண்டு தேவைப்படவில்லை.

பழந்தமிழில் சிறை என்ற சொல்லுக்குச் சிறகு என்றும் பொருள், அடைத்து வைக்கும் இடம் என்றும் பொருள். நம் வீடு கிளிக்கும் பிள்ளைக்கும் இவ்விரண்டில் எதுவாக இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டிலே காது கொடுத்துக் கேட்போம். நாளைக் காலையில் "கெதியா" என்று வாயெடுக்கும் முன், ஒரு தடவை "முருகா" என்போம். கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அம்பாள் எல்லோருக்கும் அருள்புரிவாளாக.